தம்பானூர் தபாலும் தமிழ் எழுத்தும்

நமது இதழுக்குக் கட்டுரை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலப் பென்ஷன் வாங்குகிறவர்கள். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர் ஒருவர் எழுதியிருந்தால் "யார் இந்தப் பிள்ளை?" என்று போன் செய்து விசாரிக்கிறோம். நம் குழந்தைகளுக்கு எழுத வராது என்று நான் நினைக்கவில்லை. எழுதச் சொல்லிக் கொடுக்கவும், எழுதியதை அச்சில் ஏற்றவும் ஒரு காலத்தில் என்னென்ன ஏற்பாடுகள் இருந்தன, யார் யார் சிரமப்பட்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் பேசி வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தச் சரித்திரம் மிகவும் வேண்டியது. அதைத் தம்பானூரிலிருந்து தொடங்குகிறேன். நான் வசிப்பது இங்கேதான் என்பது ஒரு காரணம். திருவனந்தபுரத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை வந்து இறங்கிய இடமும், இங்குள்ள தமிழ்ப் பையன் தன் கையெழுத்துப் பிரதியை அனுப்பிய இடமும் இதுவே என்பது மற்றொரு காரணம்.

பழைய நாளில் தம்பானூர் வயலும் நீர்நிலையுமாகக் கிடந்த தாழ்ந்த பூமி. இன்றைக்கும் ஒரு நல்ல மழை பெய்தால் அந்த ஞாபகம் அதற்கு வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். 1918-ல் கொல்லத்திலிருந்து மீட்டர்கேஜ் ரயில் திருவனந்தபுரம் வந்தபோது சாக்கையோடு நின்றுவிட்டது. நகரத்தின் நடுவே தம்பானூர் வரை அது நீண்டது 1931-ல். அப்போது கட்டிய கல் கட்டிடம்தான் இன்றும் ஸ்டேஷனின் முகமாக இருக்கிறது. 1938-ல் திருவிதாங்கூர் அரசின் பஸ் போக்குவரத்தும் ஆரம்பமாகி, முதல் பஸ் கன்னியாகுமரிக்குத்தான் ஓடியது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1-ம் தேதி அது தமிழ்நாட்டோடு சேரும் வரை, கோட்டும் கச்சேரியும் காலேஜும் தேடி வந்த தெற்குத் தமிழர்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரமே. தமிழ் எழுத்தாளர்கள் இங்கே இத்தனை பேர் எப்படி என்று வெளியூர் அன்பர்கள் ஆச்சரியப்படுவதுண்டு. பதில் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து பத்திரிகைகள் வந்த வழி சுற்று வழி. எழும்பூரில் ஏற்றிய கட்டு மதுரை, விருதுநகர், தென்காசி கடந்து, செங்கோட்டையில் மலை ஏறி, பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டிப் புனலூர், கொல்லம் வழியாகத் தம்பானூரில் இறங்கும். 1976-ல் திருவனந்தபுரம் பாதை அகலமாகி, 1979-ல் கன்னியாகுமரிப் பாதையும் திறந்த பிறகு இதெல்லாம் மாறிப் போயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்த அறுபதுகளில் 'கல்கி', 'விகடன்', 'கலைமகள்', குழந்தைகளுக்கான 'கண்ணன்' எல்லாம் அந்த மலை வண்டியில்தான் வந்தன. ஸ்டேஷன் புத்தகக் கடையில் கட்டு பிரிக்கும் நேரம் எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் மனப்பாடம். காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர். அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பவர் ஏழெட்டுப் பேர்.

போகும் தபாலும் அங்கேதான். ஸ்டேஷனை ஒட்டியிருந்த ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் மற்றத் தபாலாபீஸ்கள் மூடிய பிறகும் கடிதம் சேர்க்கலாம். கதையோ கட்டுரையோ அனுப்புவதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. தாளின் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும். இடப்பக்கம் நல்ல மார்ஜின் விட வேண்டும். நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்புவதற்குப் போதிய தபால் தலை ஒட்டிச் சுயவிலாசமிட்ட கவரை உள்ளே வைக்க வேண்டும். அந்தக் கவர் நம் விலாசத்தை நம் கையெழுத்திலேயே சுமந்துகொண்டு தபால்காரர் கையில் வரும்போது, பிரித்துப் பார்க்க அவசியமே இல்லை, கனத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற அச்சிட்ட துண்டுச் சீட்டு. ஏன் இயலவில்லை என்று அதில் இருக்காது. பெரிய பத்திரிகைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. வாரத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து குவியும்போது ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத யாரால் முடியும்? ஆனால் அந்தக் காரணத்தை யாராவது சொன்னால்தான் பதினாறு வயதுப் பையன் அடுத்த கதையை உருப்படியாக எழுதுவான். அதைச் சொல்லச் சிரமம் எடுத்துக்கொண்ட சிலரால்தான் தமிழில் புதிய எழுத்து வந்தது.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் 'ஆர்வி' என்று பெயர் பெற்ற ஆர். வெங்கடராமன் (1918–2008). கலைமகள் காரியாலயம் வெளியிட்ட 'கண்ணன்' பத்திரிகைக்கு 1950 வாக்கில் தொடங்கி இருபது வருஷங்களுக்கு மேல் அவர்தான் ஆசிரியர். தாமே நல்ல நாவலாசிரியர். ஆனாலும் தம் காலத்தில் பெரும்பகுதியைக் குழந்தைகள் பத்திரிகைக்குக் கொடுத்தார். பெரியவர்கள் குழந்தைகளுக்காக எழுதுவதோடு நிற்காமல், இளம் வயதினரே எழுதப் போட்டிகள் வைத்தார். அப்படி ஒரு நாவல் போட்டியில் பரிசு பெற்றதுதான் 'நந்திமலைச் சாரலிலே'. எழுதியவர் பிற்காலத்தில் 'அம்பை' என்று புகழ் பெற்ற சி.எஸ். லக்ஷ்மி. பம்பாயிலும் பெங்களூரிலும் வளர்ந்த தமிழ்ப் பெண் அவர். நந்திமலை இருப்பது பெங்களூருக்குப் பக்கத்தில். தான் வளர்ந்த ஊரின் மலையை வைத்து ஒரு பெண் தமிழில் கதை எழுத, அதைச் சென்னையில் ஒரு ஆசிரியர் எடுத்துப் பரிசு கொடுத்தார் என்பதை நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். பல ஊர்களில் பரவிக் கிடக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த அம்பைக்கு 2021-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

இதற்கு இணையாக, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். பாங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே செய்த காரியம் அது. 'குமுதம்' ஆசிரியர் குழுவில் நாற்பது வருஷங்கள் இருந்த ரா.கி. ரங்கராஜன், கதை எழுதுவதைத் தபால் மூலம் கற்றுக் கொடுத்தார். அந்தப் பாடங்கள் பின்னர் புத்தகமாகவும் வந்தன. 'தபாலில் டைப்ரைட்டிங் கற்கலாமா?' என்று கேட்பது போல அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கதையின் உயிரைக் கற்றுக் கொடுக்க முடியாமல் இருக்கலாம். எங்கே தொடங்குவது, எதை விடுவது, பேச்சை எப்படி எழுதுவது என்பதெல்லாம் தச்சு வேலை போலக் கைப்பழக்கம். அதை ஒருவர் சொல்லித் தந்தால் பத்து வருஷம் மிச்சம். 1970-ல் ப. லக்ஷ்மணன், ப. சிதம்பரம் சகோதரர்கள் சென்னையில் ஏற்படுத்திய 'இலக்கியச் சிந்தனை' வேறொரு வழி கண்டது. மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளையெல்லாம் ஒருவர் படித்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் காரணத்தோடு சொல்வார். பரிசுத் தொகை சொற்பம். ஆனால் முகம் தெரியாத ஒருவன் எழுதியதை ஒருவர் கவனமாகப் படித்திருக்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி. எண்பதுகளில் 'விகடன்' தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் வீடுகளிலிருந்தே சிலர் அதில் பயின்றிருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் தமிழ் படித்தவர்களுக்கு. தமிழ் எழுத்தே தெரியாதவர்களுக்கு? நம் வீடுகளில் இன்று இதுதான் கேள்வி. குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றன. பள்ளியில் மலையாளமோ ஹிந்தியோ இங்கிலீஷோ எழுதுகின்றன. "இனிமேல் இதுகள் எங்கே தமிழ் எழுதப் போகிறது?" என்று பெருமூச்சு விடும் பெற்றோருக்கு நான் எப்போதும் சுந்தர ராமசாமியின் கதையைச் சொல்வேன்.

சுந்தர ராமசாமி 1931-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். குழந்தைப் பருவம் கோட்டயத்தில் கழிந்தது. யுத்த காலத்தை ஒட்டிக் குடும்பம் நாகர்கோவில் திரும்பியது. சிறு வயதிலேயே மூட்டு நோய் வந்து படுத்த படுக்கையானதால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அதுவரை படித்தது மலையாளமும் ஸம்ஸ்க்ருதமும் இங்கிலீஷும். வீட்டில் பேசிய தமிழைப் படிக்கத் தெரியாது. பதினெட்டு வயதில்தான் தாமாகவே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட சில வருஷங்களுக்குள் முதலில் கை வைத்த வேலை, தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலை மலையாளத்திலிருந்து தமிழாக்கியது. 1951-ல் புதுமைப்பித்தன் நினைவு மலர் ஒன்றைத் தாமே தொகுத்து வெளியிட்டு, அதில் தம் முதல் கதை 'முதலும் முடிவு'மை அச்சேற்றினார். இருபது வயதுப் பையன், நேற்றுப் படித்த பாஷையில், தனக்குப் பிடித்த எழுத்தாளருக்கு மலர் போடுகிறான்! அச்சில் வருவதற்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காமல் தானே அச்சிடுவது என்ற இந்த வழி அன்றும் இருந்தது. அந்த 'தோட்டியின் மகன்' தமிழில் புத்தகமாக வந்தது 2000-ல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) வந்து, 'செம்மீன்' மொழிபெயர்ப்பு வந்து, அவர் தமிழின் முக்கியமான எழுத்தாளர் ஆகிவிட்டார்.

இந்தக் கதையில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று. மலையாளம் அவருக்குத் தடையாக இல்லை, ஏணியாக இருந்தது. மொழிபெயர்ப்பில்தான் அவர் கை பழகியது. அடுத்தவர் வாக்கியத்தை நம் பாஷையில் கொண்டுவரும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துப் பயிற்சிக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடையாது. நம் குழந்தைகள் இரண்டு மூன்று பாஷைகளோடு வளர்கின்றன. அதை நாம் பலவீனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிற்காலத்தில் நாகர்கோவிலில் அவர் வீடு இளம் எழுத்தாளர்கள் வந்து கூடும் இடமாக இருந்தது. 'காகங்கள்' என்ற பெயரில் கூட்டம் நடத்தி, எழுதியதைப் படித்து விவாதித்தார்கள். 1988-ல் 'காலச்சுவடு' பத்திரிகையையும் அவர் தொடங்கினார்.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். இங்கே நான் பார்த்துப் பெருமைப்பட்ட மூன்று பேரைச் சொல்ல வேண்டும். மூவருக்கும் எழுத்து பிழைப்பு அல்ல.

நகுலன் என்ற டி.கே. துரைசாமி (1921–2007) இங்கிலீஷ் ஆசிரியர். கும்பகோணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே திருவனந்தபுரம் வந்தவர். நீல. பத்மநாபன் (பிறப்பு 1938) மின்சார வாரியத்தில் இஞ்சினீயர். என்னைப் போல முதலில் ஸயன்ஸ் படித்தவர் என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். ஆ. மாதவன் (1934–2021) சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பள்ளியில் மலையாளம் படித்தவர். தம்பானூரிலிருந்து சாலைக்குக் கிள்ளிப்பாலம் வழியாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிஷம். அந்தக் கடையில் பாத்திரம் வாங்க வந்தவர்களை விட இலக்கியம் பேச வந்தவர்கள் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வியாபாரத்துக்கு நடுவே, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பார்த்த கடைத்தெருவே அவர் கதைகள் ஆயிற்று. 'கிருஷ்ணப் பருந்து' 1982-ல் வந்தது. 2015-ல் சாகித்ய அகாதமி விருதும் வந்தது. மலையாளத்திலிருந்து அவர் செய்த மொழிபெயர்ப்புகளும் உண்டு. பள்ளிக்கூட மலையாளம் வீணாகவில்லை என்பதற்கு இவர் இரண்டாவது சாட்சி.

இவர்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் பெரிய பத்திரிகைகளின் கதைகள் ஒரு மாதிரி. இவர்கள் எழுத நினைத்தது வேறு மாதிரி. அதற்கு இடம் கொடுத்தது சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன வீட்டிலிருந்து தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் வந்த பத்திரிகை. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்த பத்திரிகை உலகத்தில் வேறு இருக்குமோ என்னவோ. அந்த இரண்டாயிரமும் விற்ற மாதிரித் தெரியவில்லை. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தோளில் சுமந்துகொண்டு காலேஜ் காலேஜாக ஏறி இறங்கி விற்றவர். திருகோணமலையிலிருந்து தர்மு சிவராமு (பிரமிள்) என்று இருபது வயதைத் தொட்ட ஒரு இளைஞர் எழுதி அனுப்பினார். 1960 ஜனவரி இதழில் அவர் கவிதை வந்தது. யார், எந்த ஊர், என்ன படித்திருக்கிறான் என்ற விசாரணை எதுவும் இல்லை. அதே பத்திரிகையில் திருவனந்தபுரத்திலிருந்து நகுலனும் சண்முக சுப்பையாவும் எழுதினார்கள். 1962-ல் 24 பேருடைய கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' என்று செல்லப்பா வெளியிட்டதுதான் தமிழில் புதுக்கவிதைக்கு முதல் தொகுப்பு. எனக்கு அந்தக் கவிதைகளில் பாதி புரிவதில்லை. ஆனாலும் அந்த மனிதர் செய்த காரியத்தின் அளவு புரிகிறது.

பிறர் செய்வார்கள் என்று காத்திராமல் 1968-ல் நகுலன் இங்கிருந்தே 'குருக்ஷேத்திரம்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். தம் ஒருவர் எழுத்தைப் போட்டுக்கொள்ளாமல், உள்ளூர் நண்பர்களும் வெளியூரினருமாகப் பலர் எழுத்துக்களைச் சேர்த்து வெளியிட்டது. அச்சுக்கூலி, காகிதம், புரூஃப் திருத்தம், விற்பனை எல்லாவற்றையும் ஒரு இங்கிலீஷ் வாத்தியார் ஏற்றுக்கொண்டு செய்தார். அதே 1968-ல்தான் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. இரணியல் செட்டிமார் குடும்பத்தின் கதை, அந்த ஊர்ப் பேச்சிலேயே. படித்துப் பார்த்த சிலர் "இது என்ன தமிழ்?" என்று முகம் சுளித்தார்கள். க.நா. சுப்ரமண்யம் அதையே இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியுலகுக்குக் காட்டினார். இரண்டு வருஷம் கழித்து, நம் பத்மநாப ஸ்வாமி கோயில் வட்டாரத்தை வைத்து எழுதிய 'பள்ளிகொண்டபுர'த்தைச் சென்னை வாசகர் வட்டம் வெளியிட்டது. வாசகர் வட்டத்தை நடத்தியவர் தீரர் சத்தியமூர்த்தியின் புதல்வி லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி. சந்தாதாரர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு நல்ல காகிதத்தில் புத்தகம் போடும் ஏற்பாடு அது.

மலையாளத்தில் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 'மாத்ருபூமி' வாரப் பதிப்பின் 'பாலபங்க்தி'யை, 'குட்டேட்டன்' என்ற பெயரில் நடத்தியவர் கவிஞர் குஞ்ஞுண்ணி மாஸ்டர் (1927–2006). கோழிக்கோட்டில் ராமகிருஷ்ண மிஷன் பள்ளியில் வாத்தியார். குழந்தைகள் அனுப்பியதைப் படித்து, அச்சில் வராதவர்களுக்கும் கார்டு எழுதிப் போடுவார். இன்றைய மலையாள எழுத்தாளர்களில் பலர் அந்தக் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிரசுரம் என்ற இன்னொரு பாதிக்கு, 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் தொடங்கிய ஸாஹித்ய பிரவர்த்தக ஸஹகரண ஸங்கம் இருந்தது. எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை காரியதரிசி. எழுதியவனுக்கு ஒழுங்காக ராயல்டி கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை இணைத்து அம்பலப்புழையில் கிரந்தசாலா ஸங்கம் ஆரம்பித்தார். எழுதப் பழக்க ஒருவர், அச்சிட ஒரு ஸங்கம், வாங்கிப் படிக்க ஊருக்கொரு வாசகசாலை. மூன்றும் சேர்ந்ததால்தான் மலையாளத்தில் சின்ன ஊர்ப் பையனும் எழுத்தாளன் ஆனான். தமிழில் முதல் இரண்டையும் தனிமனிதர்கள் கடன் வாங்கிச் செய்தார்கள்.

ஸயன்ஸ் பட்டதாரி என்ற முறையில் ஒரு வார்த்தை. எழுத்து என்றால் கதையும் கவிதையும்தான் என்று நினைத்து, விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். பெ.நா. அப்புஸ்வாமி வக்கீலாக இருந்துகொண்டு 1917 முதல் தமிழில் விஞ்ஞானம் எழுதியவர். கோவையில் ஜி.ஆர். தாமோதரன் 1949-ல் 'கலைக்கதிர்' தொடங்கினார். கேரளத்தில் 1962-ல் ஏற்பட்ட சாஸ்திர ஸாஹித்ய பரிஷத், 1970-ல் குழந்தைகளுக்கென்றே 'யுரீக்கா'வைக் கொண்டுவந்தது. நான் பி.எஸ்ஸி. படிக்கும்போது மழை அளவை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். என் பெரியப்பா அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எந்த இடத்தில் அவர் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்தாரோ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்த விமர்சனம். நான்கு கோடு விழுந்தது. நான்கு இடத்தையும் மாற்றி எழுதித் தம்பானூர் ஆர்.எம்.எஸ்.ஸில் சேர்த்தேன், அது அச்சில் வந்தது. அந்த முறையை இன்றும் நான் விடவில்லை, வெற்றிலைப் பெட்டி மட்டும் இல்லை.

நம் சமூகத்தின் கதையைப் பற்றிச் சொல்வதானால் மனசில் ஒரு குறை உண்டு. கேரளத்துத் தமிழ் பிராமணக் குடும்பத்தைப் பற்றி எழுதிய மிகச் சிறந்த நாவல் 'வேருகள்' (1966). எழுதியவர் கல்பாத்தியில் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணன், ஐ.ஏ.எஸ். அது மலையாளத்தில் எழுதப்பட்டது. அதற்கு முன் மகாகவி உள்ளூர் பரமேச்வரய்யர், அரசாங்கப் பெரிய உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதிக் குவித்ததும் மலையாளத்தில். அவர்கள் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை; படித்த பாஷையில் எழுதினார்கள், அந்த பாஷை அவர்களைக் கௌரவித்தது. ஆனால் நம் பாட்டிகள் பேசிய அந்தத் தமிழ் – 'பறஞ்சா'ளும் 'மொளகூட்ட'லும் கலந்த தமிழ் – அச்சில் எவ்வளவு வந்திருக்கிறது? இரணியல் பேச்சு வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருப் பேச்சு வந்துவிட்டது. நம் பேச்சை நாம் வெட்கப்பட்டு ஒளித்து வைத்து, எழுதும்போது மட்டும் யாரோ ஒரு மேடைப் பேச்சாளரின் தமிழை இரவல் வாங்குகிறோம். அந்தப் பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் கழித்து யாராவது எழுத நினைத்தாலும் கேட்டு எழுத ஆள் இருக்காது.

இதனால்தான் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பில்டிங்கில் உள்ள குழந்தைகள் ஐந்தாறு பேரைக் கூட்டி வைத்துக்கொள்கிறேன். பெரிய ஸ்தாபனம் ஒன்றும் இல்லை. எங்கள் சாப்பாட்டு மேஜைதான். வீட்டுக்காரி கொடுக்கும் பஜ்ஜிக்காக வருகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், பரவாயில்லை. இலக்கணத்தில் நான் ஆரம்பிப்பதில்லை. வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்கிறேன். சொன்னபடியே எழுதச் சொல்கிறேன். எந்த லிபி வருமோ அந்த லிபியில். பிறகு தமிழ் லிபிக்கு மாற்றுவோம். மலையாளம் தெரிந்த குழந்தைக்குத் தமிழ் எழுத்து ஒரு மாதத்தில் வந்துவிடுகிறது. நாமெல்லாம் பயமுறுத்தும் அளவுக்கு அது கஷ்டமே இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எங்கே கேட்பவர்கள் நெளிகிறார்களோ அங்கே கோடு.

ஒரு பையன், ஒன்பதாவது படிப்பவன், ஒரு நாள் தம்பானூர் ஸ்டேஷனைப் பற்றி இரண்டு பக்கம் கொண்டுவந்தான். ஒரு பிழை இல்லை. ஒரு உயிரும் இல்லை. கைபேசியில் கேட்டானாம், அதுவே எழுதிக் கொடுத்துவிட்டதாம். நான் கோபித்துக்கொள்ளவில்லை. "ஸ்டேஷன் வாசலில் நேற்று என்ன வாசனை வந்தது?" என்று கேட்டேன். யோசித்தான். "ஆரஞ்சுத் தோலும் டீசலும்" என்றான். அதை எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் முக்கால் பக்கம்தான் கொண்டுவந்தான். அந்த முக்கால் பக்கத்தில் ஒரு இடத்திலும் கோடு விழவில்லை.

அச்சில் வருவது என்ற பாதிக்கு நமது இதழே வழி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பக்கம், இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். வருகிற எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. ஆனால் போடாதவற்றுக்கு ஏன் போடவில்லை என்று நாலு வரி பதில் கட்டாயம் போக வேண்டும். அந்த நாலு வரி எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மும்பை, பெங்களூர், டில்லி, கொல்கத்தா அங்கத்தினர்களில் ஓய்வு பெற்றவர்கள் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டால் ஊருக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு மாதம் பத்துக் கடிதம் கூட வராது.

முதல் தவணையாக ஒரு கட்டுரையை ஏற்கெனவே அனுப்பி வைத்திருக்கிறேன். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் ஒரு பெண் எழுதியது. அவளுடைய கொள்ளுப்பாட்டி, கல்யாணம் ஆன மறுநாள் செங்கோட்டை வழியாக ரயிலில் மலை ஏறிக் கேரளத்துக்கு வந்த கதை. குகைக்குள் வண்டி நுழைந்தபோது அந்த அம்மாளுக்குப் பயம் வந்து, முன்பின் பேசியறியாத புருஷனிடம் முதல் வார்த்தை பேசினாளாம். அந்த வார்த்தை சுத்தத் தமிழில் இல்லை. கட்டுரை முழுவதும் வீட்டுப் பேச்சுதான்; முதலில் மலையாள லிபியில் எழுதி, பிறகு அவளே தமிழில் மாற்றினாள். ஒற்றுப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். பேச்சு வார்த்தைகளில் கை வைக்க வேண்டாம் என்று மேலே ஒரு சீட்டு எழுதி, குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன்.